அப்பாவி என்றொரு சொல்

எய்ட்ஸ் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் ஜனங்கள் அதிகம் படித்தது கதையோ கவிதையோ அல்ல, சுவரெழுத்துதான். ஆட்கொல்லி நோய், ஒருவனுக்கு ஒருத்தி என்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் படித்துக்கொண்டே வளர்ந்தவன் நான். பிறகு 2003 வாக்கில் வந்தது 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' எங்கள் பள்ளியில் லாரி ஓட்டுநர் மகன் ஒருவனுக்கு அதுவே பட்டப்பெயர். அவன் படிப்பை நிறுத்தியதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன்.

அந்த விளம்பரத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள் பாலியல் தொழில் செய்த பெண்கள். அன்றிலிருந்து நோய்க்கு ஒரு 'கெட்ட' பெண்ணின் முகத்தை மாட்டிவிட்டார்கள். புள்ளிராஜா அதைக் கழற்றி ஆணுக்கு மாட்டினான். ஆனால் சொல்லாடல் அதேதான்: நோய் என்பது ஒழுக்கக்கேட்டின் கூலி. புள்ளிராஜாவின் பெண்டாட்டி எந்தச் சுவரிலும் இல்லை.

அவள் பேசாமல் இருந்தாளா? இல்லை. 1997இல் எச்.ஐ.வி. உள்ளோர் தாங்களே கூடி இந்தியக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 1998இல் கௌசல்யா முதலானோர் சென்னையில் பெண்களுக்கென்றே தனி அமைப்பு கண்டார்கள். புள்ளிராஜாவுக்கு ஐந்து வருஷம் முன்பே! அதற்கும் முன்னால், 1983இல் அமெரிக்காவின் டென்வரில் கூடியவர்கள் 'பலியானவர்கள்' என்ற பெயரை மறுத்தார்கள். பெயர் வைக்கிற அதிகாரம் யாரிடம் என்பதைத் தலித்துக்கு விளக்க வேண்டியதில்லை. தனித் தட்டு, தனி டம்ளர் நாம் அறியாததா? அறிந்த நாமே நம் சேரியில் ஒரு அக்காவுக்கு அதைச் செய்தோம். என் அம்மாவும் செய்தாள்.

அந்த அக்காவுக்குக் கம்பெனி கேன்டீன் ஒன்றில் வேலை. ரத்தம் எடுத்தார்கள், மறுநாள் வரவேண்டாம் என்றார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைக்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. மனு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எம்.ஏ. தமிழ் அல்லவா? 'கணவனால் பாதிக்கப்பட்ட அப்பாவிப் பெண்' என்று உருக்கமாகத் தொடங்கினேன். வாசித்துக் காட்டினேன்.

"இன்னா தம்பி அப்பாவி? நான் அப்பாவியா இருந்தாதான் வேல குடுப்பானா? தப்பு பண்ணி வந்திருந்தா தொரத்தலாமா?"

என்னிடம் பதில் இல்லை. சுவரெழுத்தைத்தான் நானும் எழுதியிருந்தேன், கொஞ்சம் நல்ல தமிழில். அப்பாவி என்றொருத்தியைக் கட்டமைத்தால் அடுத்த தெருவில் ஒரு குற்றவாளியும் தயாராகிவிடுகிறாள். 'கணவனால்' என்பதையும் அக்கா அடிக்கச் சொன்னாள். செத்துப்போன மனுஷனை ஏன் இழுக்கணும் என்றாள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், மூட்டை தூக்குகிறாள். 'பாதிக்கப்பட்ட' என்பதும் போயிற்று.

மிஞ்சியது நாலு வரி. பெயர், பார்த்த வேலை, நிறுத்திய தேதி, சட்டத்தின் பெயர். நான் எழுதியவற்றில் அதுதான் நல்ல உரைநடை என்று இப்போது நினைக்கிறேன்.

நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று ஒரு புகார் அலுவலர் இருக்கவேண்டும் என்கிறது அதே சட்டம். கேட்டில் போய் அவர் பெயரைக் கேட்டோம். வாட்ச்மேன் உள்ளே போன் போட்டுக் கேட்டார். அவர்கள் எங்களையே திருப்பிக் கேட்டார்கள், அப்படி ஒருத்தர் இருக்காரா என்று.