ஒட்டடைக் கம்பு தொடும் இடம்

ஐப்பசி, கார்த்திகை மழை தமிழ்நாட்டையும் யாழ்ப்பாணத்தையும் சேர்த்தே நனைத்துவிட்டுப் போகிறது. தை பிறக்குமுன் இரு கரையிலும் வீட்டைத் துப்புரவாக்குகிறார்கள். இங்கே போகிக்கு ஒட்டடை அடிப்போம். அங்கே பொங்கலுக்கு முதல் நீளத் தும்புத்தடியை எடுப்பார்கள். ஆனால் கம்பு தொடும் பரப்பு ஒன்றல்ல. பராமரிப்பும் அதனாலேயே வேறாகிறது.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் தளத்தின் அடிப்பக்கம்தான் சீலிங். பழைய மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகள்மேல் செங்கல்லைச் சாய்த்து நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்டார்கள், இன்று கான்கிரீட். எதுவானாலும் மேலே மொட்டை மாடி, கீழே நாம், நடுவில் இடைவெளி கிடையாது. ஆகவே சீலிங்கில் கறை தெரிந்தால் வேலை மாடியில் இருக்கிறது. மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்திருக்கும்; தேங்கிய நீர் வெடிப்பில் இறங்கிக் கம்பியைத் துருவாக்கும்; துரு பருத்துக் காரையைக் கீழே தள்ளும். கறைமேல் பெயின்ட் அடிப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. தைக்குக் காத்திராமல் புரட்டாசியிலேயே மாடியைக் கூட்டி, வெடிப்பை அடைத்துவிட வேண்டும்.

இலங்கையின் ஓட்டு வீடுகள் பலவற்றில் சீலிங் தனி உறுப்பு. கைமரத்துக்கும் சிலாகைக்கும் கீழே பலகையோ தட்டைச் சீற்றோ அடித்திருப்பார்கள். நடுவிலுள்ள இருட்டில் எலி, அணில், வௌவால், சில வீடுகளில் மரநாயும் குடியிருக்கும். அங்கே கறை என்றால் ஓடு விலகியிருக்கலாம், மரநாயின் மூத்திரமாகவும் இருக்கலாம்; நாற்றமே சொல்லிவிடும். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது அந்த முறையின் பெரிய நன்மை. கான்கிரீட்டில் அது நடக்காது.

கவலை தருவது அந்தத் தட்டைச் சீற். பழையவற்றில் பல ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. நீல ஆஸ்பெஸ்டாஸை இலங்கை 1987இல் தடைசெய்தது. வெள்ளையையும் 2018இலிருந்து கட்டுப்படுத்தத் திட்டமிருந்தது. 2017 டிசம்பரில், வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை விற்கும் ரஷ்யா இலங்கைத் தேயிலை இறக்குமதியை நிறுத்தியதும் அரசு பின்வாங்கியது. இந்தியாவிலும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு விற்பனையில் இருக்கிறது. எளிய வீடுகளில் கூரையும் சீலிங்கும் அதுவேதான். உடையாத தகடு அவ்வளவு ஆபத்தில்லை. உடைத்தால், துளையிட்டால், உப்புத்தாள் போட்டால் நார் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். எனவே அந்தத் தகட்டைத் தும்புத்தடியால் தேய்க்கக் கூடாது. ஈரத்துணியால் மெல்லத் துடைக்கலாம்; தேய்க்காமல் மேலேயே பெயின்ட் பூசலாம். கழற்றுவதென்றால் நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும், குழந்தைகள் வீட்டில் இல்லாத நாளில்.