தொடர் வகையும் ஆணைப் பொருளும்: கோலார் தங்க வயலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

ஆங்கில இலக்கணத்தின் தொடக்கப் பாடங்களில் தொடர்கள் செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என நான்காகப் பகுக்கப்படுகின்றன. தமிழ்ப் பள்ளி இலக்கணங்களும் இப்பகுப்பை மேற்கொண்டுள்ளன. இது வடிவத்தால் அமைந்த பகுப்பா, பொருளால் அமைந்த பகுப்பா என்பது பெரும்பாலும் தெளிவுபடுத்தப்படுவதில்லை. வகுப்பறையில் இக்குழப்பத்தால் நேரும் இழப்பு மதிப்பெண்ணோடு நின்றுவிடும். உயிர்க்காப்பு விதிகளை மொழிபெயர்க்குமிடத்து அவ்வாறு நிற்பதில்லை. இதனைக் கோலார் தங்க வயலின் மொழிச் சூழலில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மொழிச் சூழல்

கோலார் தங்க வயலில் 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் நவீனச் சுரங்கத் தொழில் வேரூன்றியது. நிருவாக மொழி ஆங்கிலம். தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். தெலுங்கும் கன்னடமும் உடன் வழங்கின. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், சட்ட விதிகளின் சுருக்கம் ஆங்கிலத்திலும் குறித்துரைக்கப்பட்ட பிற மொழிகளிலும் சுரங்கத்திலோ அதன் அருகிலோ ஒட்டப்பட வேண்டுமென 62-ஆம் பிரிவில் வகுத்திருந்தது. கோலார்ச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஆயினும், ஆங்கில விதியொன்று தொழிலாளியின் மொழியில் விதியாகவே சென்று சேர்கிறதா என்னும் வினா எல்லாப் பணியிடங்களுக்கும் பொருந்துவதாகும்.

3. வடிவமும் பொருளும்

சட்ட ஆங்கிலத்தின் பாங்கில் அமைந்த 'நோ பெர்சன் ஷால் என்டர் தி மைன்' என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். எழுவாய், துணைவினை, முதல்வினை, செயப்படுபொருள் என்னும் வரிசையுடைய இது வடிவத்தால் செய்தித் தொடர், பொருளால் தடை. ஆங்கிலக் கட்டளைத் தொடரில் எழுவாய் பொதுவாகத் தோன்றுவதில்லை; அது முன்னிலையாரை நோக்கியது. சட்டமோ எவரையும் முன்னிறுத்திப் பேசுவதன்று. ஆகவே படர்க்கை எழுவாயையும் 'ஷால்' என்னும் துணைவினையையும் கொள்கிறது.

'ஷால்' எதிர்காலம் காட்டுவது என்று மட்டும் பயின்ற ஒருவர் இதனை 'எவரும் சுரங்கத்தினுள் நுழையமாட்டார்' எனப் பெயர்க்கக்கூடும். அங்கே தடை மறைந்து எதிர்வுகூறல் எஞ்சுகிறது. எதிர்மறை நிற்கும் இடமும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் அது எழுவாயைச் சார்ந்து தொடரின் முதற்சொல்லாக வருகிறது. தமிழில் எதிர்மறை வினையைச் சார்வது. வினையோ தொடரின் இறுதியில் நிற்பது. தெலுங்கும் கன்னடமும் இவ்வியல்பில் தமிழை ஒத்தவை. எனவே, தங்க வயலில் வழங்கிய இம்மும்மொழிகளுக்கும் ஆங்கில விதி ஒரே சிக்கலைத் தந்தது எனலாம்.

4. தமிழ் இலக்கண மரபு

தமிழ் மரபு ஏவலையும் வியங்கோளையும் வேறுபடுத்துகிறது. ஏவல் முன்னிலைக்குரியது. வியங்கோள் தன்மை முன்னிலைகளோடு பொருந்தாது என்பது தொல்காப்பியர் கருத்து. அது மூவிடத்தும் வரும் என்பது நன்னூலார் கருத்து. எவ்வாறாயினும், படர்க்கையாரை நோக்கிய ஆணைக்குத் தமிழில் தனி வடிவம் உண்டு. 'கட்டளைத் தொடர்' என்னும் ஒரே பெயரில் இவ்விரண்டையும் அடக்கும் பள்ளி இலக்கணம், ஆங்கிலத்தில் இல்லாத ஒரு நுட்பத்தைத் தமிழிலும் இல்லாததாக்கிவிடுகிறது.

எனினும் வியங்கோளே இதற்குத் தீர்வாகாது. 'நுழையற்க' என்பது இன்று இலக்கிய வழக்கு. வியங்கோள் வாழ்த்து, வேண்டுகோள் ஆகிய பொருள்களிலும் வருவதால் சட்டத்தின் வலிமை அதில் தளரும். 'நுழையக் கூடாது' என்பதே பேச்சுக்கு நெருங்கியதும் ஐயத்திற்கு இடமற்றதுமாகும். இதுவும் வடிவத்தால் கட்டளையன்று என்பது நினைக்கத்தக்கது.

5. நிபந்தனைத் தொடர்கள்

நிபந்தனை சேரும்போது சிக்கல் மிகுகிறது. ஆங்கிலத்தில் தடை முன்னும் விலக்கு பின்னுமாக அமையலாம். தமிழில் 'மேலாளரின் எழுத்து வழி அனுமதி பெற்றாலன்றி எவரும் நுழையக் கூடாது' என்று தடை கடைசியில் வருகிறது. நிபந்தனைகள் பெருகுமாயின் படிப்பவர் தடையை எட்டுமுன் களைத்துவிடுவார். 'எவரும் நுழையக் கூடாது. மேலாளரின் எழுத்து வழி அனுமதி பெற்றவர் மட்டும் நுழையலாம்' என இரு தொடராகப் பிரிப்பது தக்கது. 'மட்டும்' என்னும் சொல் விலக்கின் எல்லையைக் காக்கிறது.

6. முடிவுரை

தொடர் வகைகளைக் கற்பிக்கையில் வடிவம், பொருள் ஆகிய இரண்டையும் தனித்தனியே காட்டுதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் முதலில் காண வேண்டியது தொடரின் வகைப்பெயரை அன்று. அது யாரை, எதற்குக் கட்டுப்படுத்துகிறது என்பதையே. விதியை நம்பி நிலத்தின் கீழ் இறங்குபவருக்கு 'மாட்டார்' என்பதற்கும் 'கூடாது' என்பதற்கும் உள்ள வேறுபாடு இலக்கண வேறுபாடு மட்டுமன்று.