புறநானூறு 243: முதுமையின் குரலும் நம் வாசிப்பும்

தொடித்தலை விழுத்தண்டினாரின் புறப்பாடல் (243) இளமை கழிந்தமைக்கு இரங்கும் பாடலாகவே பெரிதும் பயிற்றப்பட்டு வருகிறது. பழைய துறைக்குறிப்பும் இதற்குத் துணை நிற்கிறது. இறந்தோர் பொருட்டுப் பாடும் கையறுநிலையில் இப்பாடல் வைக்கப்பட்டுள்ளது. இங்கு இறந்தது இளமை, பாடுகின்றவர் உயிரோடிருக்கிறார். ஆயினும் அவரையும் பாதி மறைந்தவராகவே நாம் கருதிவிடுகிறோம். இயற்பெயர் அறியப்படாத இப்புலவர்க்குப் பாடலில் வரும் கைக்கோலே பெயராயிற்று. குளத்தில் பாய்ந்த செயல் பெயராகவில்லை. 1969-இல் அமெரிக்க மனநல மருத்துவர் இராபர்ட் பட்லர் பெயரிட்டுக் காட்டிய முதுமை இகழ்ச்சி, வெறுப்பாக மட்டுமன்றி இத்தகைய இரக்கமாகவும் வரும்.

பாடலின் அமைப்போ வேறொன்றை உணர்த்துகிறது. பதினான்கு அடிகளுள் ஒன்பது இளமை விளையாட்டுக்கே உரியவை. மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், மகளிரொடு கைகோத்து ஆடியதும், மருதக்கிளை ஏறிக் கரையிலுள்ளோர் மருள மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்ததும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதியவர் என்று அவர் தம்மைக் குறிப்பது இவ்வளவும் சொல்லி முடித்த பின்னரே. அக்கூற்றை நாம் அப்படியே நம்பியதுதான் வியப்பு. இளமைக்கு அவர் தரும் அடை ‘கல்லா’ என்பதும் நோக்கத்தக்கது. ஏக்கத்தினூடே ஒரு மதிப்பீடும் அதில் உண்டு.

முதுமையில் சொல் அருகும் என்ற பொதுக்கருத்தை ஐதராபாத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு மறுபடி எண்ணச் செய்கிறது. நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் உடனாய்வாளரும் மறதிநோயர் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒருமொழியாளரைவிட இருமொழியாளர்க்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் பிந்தியே தொடங்கியிருந்தது. எழுத்தறியாதாரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டது. தெலுங்கும் தக்கினி உருதும் தெருவிலேயே கலக்கும் நகரம் அது. பிற நாட்டு ஆய்வுகள் சில இதனோடு ஒத்துப்போகாமையின் காரணத்தை அறுதியிடல் கூடாது. எனினும் சொல்லின் அளவை வயது ஒன்றே தீர்மானிப்பதில்லை, வாழ்ந்த மொழிச்சூழலுக்கும் அதில் பங்கிருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

இது தமிழ்த்துறைகளுக்கும் உரிய செய்தி. பாட்டியர் மறைவதற்குள் பாடல்களைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று கூறியே மாணவரைக் களப்பணிக்கு அனுப்புகிறோம். தகவலாளரின் வயதைக் குறிக்கத் தவறுவதில்லை. அப்பாடலைப் பற்றி அவர் கருதுவது யாது, அண்மையில் அவரே கட்டிய பாடல் உண்டா என்னும் வினாக்களோ எளிதில் விடுபட்டுவிடுகின்றன. விழுத்தண்டினாரிடம் அவ்வாறு ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்றிருப்பின், குளத்தில் பாய்ந்த செய்தியைப் படியெடுத்துக்கொண்டு இருமலை நீக்கியிருப்பார்.