விளிம்பும் விநாடியும்

1960இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனத்துக்கான சுவா சீக்கோஷா ஆலை முதல் கிராண்ட் சீக்கோ கைக்கடிகாரத்தை 25,000 யென் விலையில் வெளியிட்டது. நேரம் காட்டுவதில் சுவிஸ்காரர்களுக்குத் தாங்கள் சளைத்தவர்கள் அல்ல என்று காட்டுவதே நோக்கம். 1968 ஜெனீவா வானாய்வகப் போட்டியில், மெக்கானிக்கல் கைக்கடிகாரங்களில் 4 முதல் 10 வரையிலான இடங்கள் சீக்கோவுக்கே கிடைத்தன. அடுத்த ஆண்டு, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்ற உறுதியுடன் மிக நுட்பமாகச் சீர்செய்யப்பட்ட வி.எஃப்.ஏ. ரகம் வந்தது.

இன்று அந்தக் கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் டயலில் கறை உண்டா, பின்மூடிப் பதக்கம் தேய்ந்திருக்கிறதா, கேஸின் விளிம்பு கூராக நிற்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நாளுக்கு எத்தனை விநாடி பிசகுகிறது என்ற கேள்வி கடைசியில் வருகிறது. பல பேரங்களில் வருவதே இல்லை.

இதை வெறும் பகட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. சுவிஸ் கடிகாரங்களின் பக்கத்தில் ஜப்பானியக் கடிகாரங்கள் சோபையிழந்து தெரிந்ததைக் கண்டு, அதற்கு மாற்றாக ஒரு வடிவ ஒழுங்கை வகுத்தவர் சீக்கோவின் வடிவமைப்பாளர் தாரோ தனாகா. தட்டையான தளங்கள், பிம்பம் நெளியாத கண்ணாடிப் பளபளப்பு, தளங்கள் சந்திக்கும் இடத்தில் கத்திமுனைபோன்ற கோடு. 1967இல் வந்த 44ஜிஎஸ் என்ற கிராண்ட் சீக்கோ மாடலில் அது முழுமை பெற்றது. விளிம்பைப் பார்த்து வாங்குபவர் தனாகாவைச் சரியாகவே படித்திருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கோடு ஒருமுறை போனால் போனதுதான். கீறல் விழுந்த கேஸைக் கடைக்காரர் பஃபிங் சக்கரத்தில் பிடித்துப் பளபளக்க வைத்தால், தளம் லேசாக வளைந்து கோடு மழுங்கிவிடும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது புதுசு மாதிரி தெரியும். பழகிய கண்ணுக்கு, கரைந்த சோப்புக்கட்டி. இந்த விஷயத்தில் சேகரிப்பாளர்களின் பிடிவாதத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். கீறலோடு விட்டால் கூடுதல் விலை கிடைக்கும் என்று விற்பவர்களுக்குப் புரிய வைத்தவர்கள் அவர்கள்தான்.

மோசடியைப் பிடிப்பதிலும் இவர்களின் உழைப்பு பெரிது. பின்மூடியிலுள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்தது மாதத்தையும் சொல்லும். டயலில் சுழி இருந்தால் சுவா, மின்னல் இருந்தால் சீக்கோவின் இன்னொரு ஆலையான டோக்கியோவின் டைனி. இவற்றோடு மெஷின் எண்ணும் பொருந்துகிறதா என்று பொறுமையாகப் பார்ப்பவரை ஏமாற்றுவது கடினம். (வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம் வீடுகளுக்கு வந்த சீக்கோ 5க்கும் இதே கணக்குதான். மும்பையில் டயலுக்கு மறுவண்ணம் பூசி விற்கப்படும் சீக்கோ 5கள் இந்தச் சோதனையில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும்.)

ஆனால் மூடியைத் திறந்து உள்ளே போனால் இந்தத் தூய்மைவாதம் தடுமாறுகிறது. 1968இன் 45, 61 வரிசை மெஷின்கள் மணிக்கு 36,000 துடிப்பில், அதாவது விநாடிக்குப் பத்து முறை, அடிப்பவை. அந்த வேகத்துக்கு எண்ணெய் சரியாக இல்லாவிட்டால் தேய்மானம் நிச்சயம். பின்னால் வந்த 56 வரிசையில், தேதியை விரைவாக மாற்றும் பிளாஸ்டிக் சக்கரம் உடைவது ஊரறிந்த வியாதி. ஆலையிலிருந்து புது உதிரிபாகம் வருவதில்லை. ஆகவே இன்னொரு கடிகாரத்தை வாங்கிப் பிரிக்கிறார்கள். ஒன்று உயிர்பிழைக்க இன்னொன்று பலி. டயலை மாற்றினால் போலி என்று கொதிப்பவர்கள், சக்கரத்தை மாற்றினால் பராமரிப்பு என்கிறார்கள். மாற்றியதை வெளிப்படையாகச் சொல்லும்வரை இரண்டாவதில் எனக்குக் குறையில்லை. பலரும் சொல்வதில்லை என்பதே குறை.

அதைவிடப் பெரிய குறை, ஓட்டாமல் வைப்பது. தேயக்கூடாது என்று இழுப்பறையில் பூட்டிய கடிகாரத்தில் எண்ணெய் உறைந்துபோகும். அதன் துல்லியம் யாருக்கும் தெரியாது. போட்டிக்கென்று வளர்ந்த ஒரு மரபை முகத்தை மட்டும் பார்த்து மதிப்பிடுவது பாதி ரசனைதான்.

விற்பவர் ஓட்டத்தின் துல்லியத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியின் அளவீட்டையும், எப்போது யாரிடம் சர்வீஸ் ஆனது என்பதையும் படங்களோடு சேர்த்துத் தரும்படி வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினாலே நிலைமை பெருமளவு மாறும். கீறல் நிறைந்த, பாலிஷ் படாத, வாரம் இரண்டு நாளாவது கையில் ஏறும் ஒரு 45ஜிஎஸ்ஸையும், உறை பிரியாமல் கிடக்கும் இன்னொன்றையும் ஒரே விலைக்குத் தந்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். சந்தை இரண்டாவதற்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறது.