கூறைச்சேலையில் கட்டிய மண்மூட்டை

போர்க்களப் படம் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இந்தப் பொருளை இங்கே வைத்தது யார்?

1862 செப்டம்பர் 17 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆன்டீட்டம் சண்டை நடந்தது. அது முடிந்த கையோடு ஒளிப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னர் அங்கே போனார். அன்றைய ஈரக் கண்ணாடித் தகட்டுக்கு அசையாத காட்சி வேண்டும். தகடு காய்வதற்குள் வண்டியிலிருந்த இருட்டறையில் கழுவியாக வேண்டும். ஓடுகிறவனைப் பிடிக்க முடியாத கலை, விழுந்து கிடந்தவனிடம் போய் நின்றது. அக்டோபரில் நியூயார்க்கில், மேத்யூ பிரேடியின் ஒளிப்படக் கூடத்தில் அந்தப் படங்களைக் கண்டு மக்கள் உறைந்தார்கள். அந்த நேர்த்தி இன்றும் அசரவைக்கிறது. ஆனால் மறு ஆண்டு அதே போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் கார்ட்னரும் கூட்டாளிகளும் ஒரு வீரனின் உடலை வேறிடத்திலிருந்து தூக்கிவந்து, பாறை இடுக்கில் கிடத்தி, துப்பாக்கியைச் சாய்த்துவைத்து எடுத்தார்கள். நூறாண்டு கழித்துப் படங்களை ஒப்பிட்டவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அமைப்பில் குறையே இல்லாத படம் அது. அந்தக் குறையின்மைதான் எனக்கு உறுத்துகிறது.

இலங்கைப் போரின் இறுதி நாள்களைக் காட்டும் வன்னிப் படங்களில் அப்படி அடுக்க யாரும் தேவைப்படவில்லை. 2009இல் வெளிச் செய்தியாளர்கள் நுழைய முடியாத களம் அது. கவிஞர் அமரதாஸ் போல உள்ளேயே இருந்தவர்கள் எடுத்தவை சில. மே மாதம் எல்லாம் முடிந்தபின் போனவர்கள் எடுத்தவை பல. புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, கடலுக்கும் நந்திக்கடல் களப்புக்கும் நடுவே வெறும் மணல். அதில் பங்கர் வெட்டினால் சரியும். சாக்குக்கு வழியில்லை. சேலைகளைப் பைகளாகத் தைத்து, மணலை நிரப்பி, சுற்றிலும் அடுக்கினார்கள். கல்யாணத்துக் கூறைச்சேலையும் அதில் போனது. பின்னால் வந்த படங்களில் ஆட்கள் இல்லை; அந்த மூட்டைகள் மட்டும் வரிசை குலையாமல் இருக்கின்றன. அடுக்கியவை பிழைக்க நினைத்த கைகள். நல்ல ஒளிப்படக்காரர் அங்கே செய்ததெல்லாம் குனிந்து, மூட்டையின் உயரத்துக்குக் கேமராவை இறக்கியதுதான். அந்த இறக்கத்தை நான் பெரிய கலை என்பேன்.

மதுரை கோரிப்பாளையத்தில், தர்கா பக்கம் தையல் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம் அப்படி ஒரு படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"வாயை மட்டும் கையால தைச்சிருக்காங்க தம்பி. மண்ணைப் போட்டப்புறம் மெஷின்ல குடுக்க முடியாதுல்ல?"

நான் கவனிக்காத தையல் அது. அதன்பிறகு எந்தப் படத்திலும் அந்த வாய்ப்பக்கத்தைத்தான் தேடுகிறேன்.

இந்தப் படங்களைக் கறுப்புவெள்ளையாக்கி அச்சிடுகிறவர்கள் இருக்கிறார்கள். துக்கத்துக்கு அது பொருத்தம் என்று நினைப்பு. எனக்கு உடன்பாடில்லை. கார்ட்னருக்கு வேறு வழியில்லை, நமக்கு இருக்கிறது. ஜரிகைக் கரையும் அரக்குச் சிவப்பும் போய்விட்டால், எது கூறைச்சேலை, எது அன்றாடம் உடுத்திய நூல்சேலை என்று அந்த அக்காவாலும் சொல்ல முடியாது.