நாள் குறித்தது யார்?

மேல்மலையனூருக்கு அமாவாசை ராத்திரி போயிருக்கிறீர்களா? அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திண்டிவனம், விழுப்புரம், சென்னை என்று நாலா பக்கமிருந்தும் ஸ்பெஷல் பஸ். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்கும் தடுப்புக் கட்டைகளை அமாவாசைக்கு முந்தின நாள் பிரித்துப்போட்டு, 'வேற மாதிரி கட்டிப் பார்ப்போமே' என்று யாரும் கிளம்ப மாட்டார்கள்.

நம் தபால் துறை கிளம்பியது. 'ஏபிடி' என்ற புது மென்பொருளுக்கு 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி நாடு முழுக்க மாறியது. ரக்ஷா பந்தன் ஆகஸ்ட் 9! ராக்கிக் கவரும் கையுமாக நின்றவர்களுக்குப் பல ஊர்களில் கிடைத்த பதில், 'சர்வர் ஸ்லோ'.

துறையின் சொந்த மையமே உருவாக்கிய மென்பொருள் அது, பாராட்டலாம். முதலில் கர்நாடகத்தில் வெள்ளோட்டமும் பார்த்தார்கள். ஒரே நாளில் 32 லட்சம் பதிவுகளைத் தாங்கியது என்று அரசு கணக்கும் சொன்னது. என் சண்டை மென்பொருளோடு அல்ல, தேதியோடு.

அப்கிரேடு செய்ததும் ஏன் வேகம் குறைகிறது? பி.காம். படித்தவனுக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். டேட்டாபேஸ் ஒரு பெரிய பேரேடு. எந்த வகைத் தகவல் எவ்வளவு இருக்கிறது என்று தனக்குள்ளே ஒரு குறிப்பு வைத்திருக்கும். எந்த வழியில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். உலகமெங்கும் புழங்கும் 'போஸ்ட்கிரெஸ்' டேட்டாபேஸில், 2025 செப்டம்பரில் 18-வது பதிப்பு வரும்வரை, அப்கிரேடு செய்தால் இந்தக் குறிப்பு கூடவே வராது. புதிதாக எடுக்கச் சொல்ல வேண்டும். மறந்தால்? ஒரே ஒரு பெயருக்காக முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருக்கும். நூறு பேர் உள்ள பேரேட்டில் இது தெரியவே தெரியாது. கோடிப் பேர் இருந்தால் கவுன்டரில் தெரியும்.

அதனால்தான் கூட்டமில்லாத நாளின் சோதனையை நம்பக் கூடாது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புது சிஸ்டத்துக்கு மாற்றியது. சுமார் 19 லட்சம் பேரால் தங்கள் கணக்கையே திறக்க முடியவில்லை. இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில் மட்டும்தான் பாரம் ஏற்றிச் சோதித்திருந்தார்கள் என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. 2022 டிசம்பரில் சுமார் 4.86 கோடி பவுண்டு அபராதம்.

இங்கே அபராதம் கட்டுவது யார்? அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறவர். ஏச்சு வாங்குவது, மென்பொருளைத் தேர்வு செய்யாத, தேதியும் குறிக்காத கவுன்டர் ஊழியர். திறப்பு விழாவுக்கு மட்டும் பெரியவர்கள் வருவார்கள்.

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற நாடு இது. மென்பொருளுக்கும் பார்க்கலாம். நல்ல நாள் எது? கூட்டமில்லாத நாள். அதற்கு முன்பே, அமாவாசைக் கூட்டத்தை ஏற்றிச் சோதித்திருக்க வேண்டும். புதுசு மூச்சு வாங்கினால் பழையதற்குத் திரும்ப ஒரு வழியும் இருக்க வேண்டும்.

அடுத்த முறை 'சர்வர் ஸ்லோ சார்' என்று சொன்னால், கவுன்டரில் இருப்பவரைத் திட்டாதீர்கள். 'நாள் குறிச்சது யாரு?' என்று மேலே எழுதிக் கேளுங்கள்.