கண்ணாடிக்கு முன்னும் பின்னும்: மானுவேல் கார்சியாவின் குரற்கல்வி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய இசைநாடகப் பாடகருள், குரற்பயிற்சி ஆசிரியராக நிலைபெற்றவர் மானுவேல் கார்சியா (1805–1906). அவர்தம் வாழ்வை எழுதுவோர் பலரும் குரல்வளை நோக்குக் கண்ணாடியையே முன்னிறுத்துவர். அப்பார்வை அவரது ஆசிரியப் பணியை மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஸ்பெயின் நாட்டு இசைக் குடும்பத்தில் தோன்றிய கார்சியா, 1825இல் தந்தையின் குழுவினரோடு நியூயார்க் சென்று, ரோசினியின் ‘செவில் நகர நாவிதன்’ இசைநாடகத்தில் நாவிதனாகப் பாடினார். குரல் நலிந்தமையால் இளமையிலேயே மேடையைத் துறந்தார். குரல் எவ்வாறு இயங்குகிறது, எதனால் கெடுகிறது என்னும் வினாக்களுக்கு அவ்விழப்பே அவரை இட்டுச்சென்றது எனக் கருத இடமுண்டு. 1841இல் களைத்த குரலோடு பாரிசுக்கு வந்த சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்டை முதலில் சில வாரங்கள் பாடாதிருக்குமாறு அவர் பணித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. குரலைக் காத்தல் அவரது கல்வியின் முதற்படியாயிற்று.

அவரது பாடற்கலை நூல் 1840, 1847 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. ஒலி தொடங்குமுன் குரல்நாண்கள் நன்கு பொருந்தவேண்டும் என்பதைச் சுட்ட அவர் ஆண்ட சொல், தமிழில் ‘குரல்வாய்த் தட்டு’ எனத்தக்கது. இருமலை ஒத்த மார்பின் உந்துதலோடு இதனைக் குழப்பலாகாது என அவரே எச்சரித்துள்ளார். ஆயினும் பின்வந்தோர் சிலர் இதனை வன்மையான தாக்குதலாகக் கொள்ள, பழி மூலநூலைச் சேர்ந்தது. பிழை படித்தவருடையது மட்டுமன்று. ‘தட்டு’ என்னும் சொல்லே வன்மைப் பொருளுக்கு இடந்தருகிறது. ஆசிரியன் பாடிக்காட்டி உணர்த்துவதை ஏட்டுச்சொல் முழுமையாகத் தாங்குவதில்லை.

1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் கைக்கண்ணாடியையும் கொண்டு, கதிரவன் ஒளியில் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். 1855இல் அக்காட்சி இலண்டன் வேத்தியல் கழகத்தில் கட்டுரையாக முன்வைக்கப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் வியன்னாவின் டியுர்க்கும் செர்மாக்கும் அக்கருவியை மருத்துவத்திற்கு உரியதாக்கினர். ஆனால், அவரது நூல் கண்ணாடிக்கு முற்பட்டது. செவியால் தேர்ந்ததைக் கண்ணால் சரிபார்க்கவே அவர் முனைந்தார் எனலாம்.

1848 முதல் இலண்டனில் வாழ்ந்து, 1895 வரை அங்குள்ள அரச இசைக்கழகத்தில் பயிற்றிய நெடும்பணியை நோக்க, கருவி அவரது வாழ்வின் ஒரு நிகழ்ச்சியே. கற்பித்தலே அவரது வாழ்வு என்பது பெறப்படும்.